வேர்ப்பாலம் போகும் முன் முட்டியைக் கேளுங்கள்

மேகாலயாவுக்கு வேர்ப்பாலம் பார்க்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும் இப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது, "முட்டி எப்படி இருக்கு?" என்றுதான். கேட்டதும் சிரிப்பார்கள். உயிருள்ள மரத்தின் வேரையே ஓடைக்குக் குறுக்கே வளர்த்துச் செய்த பாலம் அது, படத்தில் அது மட்டும்தானே தெரிகிறது? மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு அடுக்காகப் போகும் வேர்கள், அடியில் தெளிந்த தண்ணீர், சுற்றிலும் பச்சை. அங்கே போய்ச் சேர 3,000க்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும், திரும்பி வர அத்தனையும் ஏற வேண்டும் என்பது படத்தில் வராது. "கொஞ்சம் நடக்கணும்" என்று யாராவது போகிற போக்கில் சொல்லியிருப்பார்கள், அவ்வளவுதான். எனக்கு வயது ஐம்பது தாண்டிவிட்டது. ஈரோட்டில் ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். மகள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் கேள்வி கேட்க ஆளில்லை. சரி, ஒருமுறையாவது தனியாகப் போய்ப் பார்ப்போம் என்று கிளம்பினேன். பாலத்தைப் பார்த்தேன், அதில் குறையில்லை. கூடவே பை கைவிட்டுப் போய், பிரஷர் மாத்திரை இல்லாமல் மலையடியில் மாட்டி, ரயிலையும் தவறவிட்டு, இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் இழந்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன். முன்கூட்டியே யாராவது விவரமாகச் சொல்லியிருந்தால் இதில் பாதி நடந்திருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும்.

கன்னியாகுமரியிலிருந்து திப்ரூகர் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் ஈரோடு வழியாகத்தான் போகிறது. 4,100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் வண்டி. அதில் போகவும் வரவும் மூன்றாம் ஏசி டிக்கெட் எடுத்திருந்தேன். கவுகாத்தியில் இறங்கி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பல்டன் பஜார் பக்கம் டாக்ஸிக்காரர்களும் புரோக்கர்களும் சூழ்ந்துகொள்கிறார்கள். அவர்களில் ஒருவர் ஒரு சின்ன ஆபீசுக்கு அழைத்துப் போனார். தனி கார், சிரபுஞ்சியில் ஒரு ராத்திரி ஹோட்டல், இரண்டடுக்கு வேர்ப்பாலம், மறுநாள் மௌலின்னோங் கிராமம், டௌகி ஊரின் ஆறு, திரும்பக் கவுகாத்தி, எல்லாம் சேர்த்து 9,500 ரூபாய் என்றார்கள். 7,000 முன்பணம். "மழையெல்லாம் முடிஞ்சுபோச்சு மேடம்" என்றார் அந்த ஆள். அது செப்டம்பர் கடைசி. ரசீது கொடுத்தார்கள். அதில் என் பெயரும் தொகையும் இருந்தது, கார் நம்பர் இல்லை, ஹோட்டல் பெயர் இல்லை, எது எந்த நாளில் என்பதும் இல்லை. தினமும் நூறு பில் பார்க்கிறவள் நான். இருந்தாலும் ரயிலில் அத்தனை தூரம் வந்து இறங்கிய உடம்பு, எங்கேயாவது ஒரு சீட்டில் சாய்ந்தால் போதும் என்றுதான் கெஞ்சும். அந்த நேரம் பார்த்துத்தான் இவர்கள் பிடிக்கிறார்கள்.

உண்மையில் இந்தப் பயணத்துக்குப் புரோக்கரே தேவையில்லை. கவுகாத்தி ஸ்டேஷன் பக்கத்திலிருந்தே ஷில்லாங்குக்கு ஷேர் சுமோ நாள் முழுக்க ஓடுகிறது, 100 கிலோமீட்டர் தூரம். ஷில்லாங்கில் படா பஜார் ஸ்டாண்டுக்குப் போனால் சோராவுக்கு ஷேர் சுமோ கிடைக்கும். சிரபுஞ்சியை அந்த ஊர்க்காரர்கள் சோரா என்றுதான் சொல்கிறார்கள், வண்டிக்காரரிடமும் அப்படியே கேளுங்கள். அது இன்னொரு 55 கிலோமீட்டர். சோராவிலிருந்து படி தொடங்கும் டிர்னா கிராமத்துக்கு மட்டும் தனி டாக்ஸி பேசினால் போதும். மேகாலயாவுக்குள் போக நமக்குத் தனி அனுமதிச் சீட்டு எதுவும் வேண்டியதில்லை. இந்தி வராதே என்று பயப்படவும் வேண்டாம். ஷில்லாங்கும் சோராவும் இருக்கும் காஸி மலையில் பேசுவது காஸி மொழி. கிராமத்தில் பலருக்கு இந்தி நம்மைப் போலத்தான், தட்டுத் தடுமாறித்தான் வரும். நாலு வார்த்தை எளிய ஆங்கிலமும் கைச்சாடையும் இருந்தால் காரியம் நடக்கும். பெண்களை "கோங்" என்றும் ஆண்களை "பா" என்றும் கூப்பிட்டால் முகம் மலர்ந்துவிடுகிறது. நாம் அக்கா, அண்ணா என்று கூப்பிடுவோமே, அந்த இடத்தில் வருவது. "குப்லேய்" என்றால் வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான்.

மழை முடிந்துவிட்டது என்று சொன்ன ஆளை ஷில்லாங் தாண்டியதுமே நினைத்துக்கொண்டேன். கார் மேகத்துக்குள் போனது, வைப்பர் நிற்கவே இல்லை. வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று வங்கதேசத்துச் சமவெளியைத் தாண்டி நேராக இந்த மலையின் தெற்குச் சரிவில் வந்து முட்டுகிறது, முட்டிய இடத்திலேயே கொட்டுகிறது. சோராவிலும் பக்கத்து மௌசின்ராமிலும் ஆண்டு சராசரி 11,000 மில்லிமீட்டருக்கு மேல். ஈரோட்டில் ஆண்டு முழுக்க 700 மில்லிமீட்டரை ஒட்டித்தான் பெய்யும். 2022 ஜூன் 17 அன்று மௌசின்ராமில் ஒரே நாளில் 1,003.6 மில்லிமீட்டர் பெய்திருக்கிறது. எங்கள் ஊரின் ஒரு வருஷத்து மழையை விடக் கூடுதல், ஒரே நாளில். வேர்ப்பாலம் இருக்கும் கிராமங்களெல்லாம் இந்தத் தெற்குச் சரிவில்தான் இருக்கின்றன. ஆகவே மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை யார் என்ன சொன்னாலும் மழை உண்டு என்றே கணக்குப் போடுங்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை படி காய்ந்திருக்கும், ஓடைத் தண்ணீரும் கலங்காமல் நீலமாக இருக்கும். அருவிகள் இளைத்திருக்கும், போகட்டும். வழுக்காத படி அதைவிட முக்கியம்.

டிர்னாவில் காரை நிறுத்தியதும் டிரைவர், "பையை வண்டியிலேயே வையுங்க, வெயிட் தூக்கிட்டு இறங்க முடியாது, சாயங்காலம் நாலு மணி வரை இங்கேயே இருப்பேன்" என்றார். சொன்னதில் தப்பில்லை, அவ்வளவு பெரிய பையை அங்கே யாரும் தூக்கிக்கொண்டு இறங்குவதில்லை. ஒரு தோள்பையில் தண்ணீர், பிஸ்கட், ரெயின்கோட், பர்ஸ், போன் இவ்வளவும் எடுத்துக்கொண்டேன். மாத்திரை டப்பாவும் சார்ஜரும் பெரிய பையில் தங்கிவிட்டன. அன்றே திரும்பும் திட்டம் என்பதால் தோன்றவே இல்லை. ஆகவே ஒன்று சொல்கிறேன், டிர்னாவில் படியில் கால் வைக்கும் எவரும் அன்று ராத்திரி கீழேயே தங்க நேரலாம் என்று நினைத்துப் பொருள் எடுத்துக்கொள்ளுங்கள். தினசரி மாத்திரை மூன்று நாளுக்கு, பவர் பேங்க், டார்ச், ஒரு மாற்று உடை, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ரொக்கம். இவ்வளவும் சேர்ந்தாலும் இரண்டு கிலோ வராது. படி தொடங்கும் இடத்தில் சின்னப் பையன்கள் மூங்கில் குச்சி விற்கிறார்கள், இருபது முப்பது ரூபாய். வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே நான் செலவழித்ததில் முழுப் பலன் தந்த பணம் அதுதான்.

படிகள் நல்ல சிமென்ட் படிகள்தான், வழி தவற வாய்ப்பில்லை. ஆனால் ஒடுங்கலானவை, செங்குத்தானவை, ஓரமெல்லாம் பாசி. இரண்டு பக்கமும் பாக்கு மரமும் பலாவும். ஒவ்வொரு பாக்கு மரத்திலும் கொடி ஏறியிருக்கிறது, சிலதில் மிளகு, சிலதில் வெற்றிலை. ஈரோடு பக்கத்து சென்னிமலை முருகனைப் பார்க்க 1,320 படி ஏறுவேன், மூச்சு வாங்கும், நடுவே உட்கார்ந்து உட்கார்ந்து போவேன், முடியவில்லை என்றால் பாதியில் திரும்பிவிடலாம். திரும்புவது என்றால் இறங்குவதுதானே. நம் ஊர் மலைக்கோயில் எல்லாம் அப்படித்தான், கஷ்டம் முதலில், சுலபம் பின்னால். இங்கே எல்லாம் தலைகீழ். முதலில் இறக்கம். மூச்சு வாங்காது, வியர்க்காது, பேசிக்கொண்டே இறங்கலாம். எவ்வளவு ஆழம் இறங்கிவிட்டோம் என்று உடம்பு சொல்லவே சொல்லாது. சொல்ல ஆரம்பிக்கும்போது நீங்கள் பள்ளத்தாக்கின் அடியில் இருப்பீர்கள், திரும்புவதென்றால் சென்னிமலையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஏற வேண்டும். பாதியில் விடுகிற வசதியே கிடையாது. இந்த ஒன்று புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

என் வலது முட்டி முக்கால் வழியில் பேச ஆரம்பித்தது. முதலில் ஒரு சின்னக் குத்தல், அப்புறம் ஒவ்வொரு படிக்கும் ஒன்று. நோங்திம்மாய் கிராமத்துக்குப் பக்கத்தில் பாதை பிரிந்து ரிதிம்மென் என்ற ஒற்றை வேர்ப்பாலத்துக்குப் போகிறது, நூறடி நீளம். இரண்டடுக்குப் பாலத்தைவிட அங்கே கூட்டம் குறைவு, முட்டி கெஞ்சுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு அத்தோடு திரும்பலாம், ஒன்றும் குறைந்துவிடாது. நான் திரும்பவில்லை. அதற்கப்புறம் இரும்புக் கம்பியில் தொங்கும் பாலங்கள் வருகின்றன. கீழே பெரிய பாறைகளுக்கு நடுவே ஆறு இரைந்துகொண்டு ஓடும், நடக்க நடக்கப் பாலம் ஆடும். கம்பிக்குக் கம்பி இடைவெளி வழியே தண்ணீர் தெரியும். எனக்கு எதிரே காஸிப் பெண் ஒருவர் முதுகில் கூம்புக் கூடை நிறைய பிரிஞ்சி இலை, கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, கம்பியைத் தொடாமல் நடந்து வந்தார். நான் ஓரமாக ஒதுங்கி இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவமானமாக இருந்தது என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பின்னாலே வந்த ஒருவர் சொல்லிக்கொடுத்தது இது: இறங்கும்போது நேராகக் கால் வைக்காமல் உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள், குச்சியை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி அப்புறம் வலிக்கிற காலை வையுங்கள். மேலே டிர்னாவிலேயே இதை யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். முட்டிக்கு உறை இருந்தால் இறங்கும் முன்பே போட்டுவிடுங்கள், வலித்த பிறகு போட்டுப் பயனில்லை. செருப்பு வேண்டாம், அடியில் நல்ல பல் இருக்கிற ஷூ போதும். மழைக்காலமானால் அட்டை இருக்கும், உப்பு ஒரு பொட்டலம்.

இரண்டடுக்குப் பாலம் இருக்கும் நோங்ரியாட் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது, மழை வலுத்துவிட்டது. உம்ஷியாங் ஓடை மேல் பாலம் இருந்தது. நான் அதைப் பார்த்தேனே தவிர அப்போது ஒன்றும் மனதில் ஏறவில்லை. முட்டி வீங்கியிருந்தது. நுழைவுக் கட்டணம் வாங்கிய பெரியவர் என் காலையும் வானத்தையும் பார்த்துவிட்டு, "டுடே நோ கோ" என்றார். நாலு மணிக்கு டிரைவர் போய்விடுவார் என்றேன், போனை எடுத்துக் காட்டினேன். சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. மேலே போகிற ஒரு பையனிடம் டிரைவருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன், காலை வரை நிற்கச் சொல்லி. அவன் போய்ச் சேர்வதற்குள் டிரைவர் கிளம்பிவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்று ராத்திரி ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. பலகைக் கட்டில், கொசுவலை, சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. நானூறு ரூபாய். ராத்திரி முழுக்கத் தகரக் கூரையில் மழை. மாத்திரை போடாத நாளில் தலை கனப்பது உண்மையா பயத்தினாலா என்று தெரியாமல் படுத்திருந்தேன். எனக்கு ஏதாவது ஆனால் மகளுக்கு எப்படித் தெரியும், அவள் என்னை எங்கே என்று தேடுவாள் என்று நினைத்து நினைத்து, சொல்லப்போனால் அழுதுவிட்டேன். தனியாகப் போகிறவர்கள் ஷில்லாங்கை விட்டுக் கிளம்பும் முன் வீட்டில் ஒருவருக்கு, எந்தக் கிராமம், எந்த வண்டி, எந்த நாள் வரை சிக்னல் இருக்காது, எந்த நாளுக்கு மேல் கவலைப்படலாம் என்று தெளிவாக ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள். "அங்கே போன் எடுக்காது" என்று பொதுவாகச் சொன்னால் போதாது.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அந்த வீட்டுக் கோங் வெந்நீர் வைத்துக் கொடுத்தார், துணியில் நனைத்து முட்டியில் ஒற்றிக்கொண்டு மெதுவாகப் பாலத்துக்கு நடந்தேன். அப்போதுதான் அதை நிதானமாகப் பார்த்தேன். இந்தப் பாலம் ரப்பர் மரத்தின் வேர். ரப்பர் மரம் என்றதும் கன்னியாகுமரிப் பக்கம் பால் எடுக்கிற மரத்தை நினைக்காதீர்கள், அது வேறு. இது ஆல், அரசு, அத்தி குடும்பத்து மரம். நம் வீட்டு வராந்தாவில் தொட்டியில் தடித்த பளபளப்பான இலையோடு ரப்பர் செடி வைத்திருப்போமே, அதேதான். தொட்டியை விட்டு மண்ணில் இறங்கினால் ஆலமரம் அளவுக்கு வளர்ந்து விழுதுவிடுகிறது. ஓடைக் கரையில் இதை நட்டு, விழுது வந்ததும் பாக்கு மரத்தைப் பிளந்து உள்ளே குடைந்து ஓடைக்குக் குறுக்கே போட்டு, அந்தக் குடைவுக்குள் விழுதை எதிர்க் கரை வரை ஓட்டுகிறார்கள். மூங்கில் சாரமும் கட்டுவதுண்டு. எதிர்க் கரையில் மண்ணைத் தொட்டதும் வேர் பிடித்துக்கொள்கிறது, அப்புறம் பருக்க ஆரம்பிக்கிறது. இடைவெளியில் கல்லும் மண்ணும் நிரப்புகிறார்கள். ஆள் நடக்கிற அளவுக்குப் பலம் வர 15 முதல் 30 ஆண்டு ஆகும். வயதானவர் நட்டால் அவர் நடந்து பார்ப்பாரா என்பதே சந்தேகம். இந்த மழையில் மரப்பலகை சில வருஷத்தில் மக்கிப்போகும், மூங்கில் இன்னும் சீக்கிரம், இரும்பு துருவேறும். வேர் மட்டும்தான் நாளாக ஆகப் பலப்படுகிறது.

கீழடுக்கில் உட்கார்ந்து கைப்பிடியாக ஓடும் வேரைத் தடவிப் பார்த்தேன். இரண்டு வேர்கள் குறுக்கே தாண்டிப் போகிற இடத்தில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கவில்லை. பட்டையோடு பட்டை அழுந்தி, ஒன்றாகவே சேர்ந்துவிட்டிருந்தன. விரலை வைத்துத் தேடினாலும் இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. அந்த நேரம் கோங் துணி துவைக்க வந்தார். வந்தவர் பாலத்தைக் கடக்கும்போது நடுவில் நின்று, மேலிருந்து தொங்கிய விரல் தடிமன் இளம் வேர் ஒன்றைப் பிடித்து, நுனி முறியாமல் மெல்ல வளைத்து, கைப்பிடி வேரைச் சுற்றி இரண்டு முறை சுற்றிச் செருகிவிட்டு, நடையை விடாமல் போய்விட்டார். அரை நிமிஷம் கூட ஆகவில்லை. நான் கேட்டபோது அவருக்கு என்ன கேட்கிறேன் என்றே புரியவில்லை. வீட்டு வாசல் கோலம் ஏன் போடுகிறீர்கள் என்று நம்மைக் கேட்டால் முழிப்போமே, அப்படி முழித்தார். முன்னொரு காலத்தில் ஓடையில் வெள்ளம் ஏறிக் கீழ்ப்பாலம் மூழ்கியதால் மேலே இரண்டாவதை வளர்த்தார்கள் என்று சொன்னார், மூன்றாவதும் வருகிறது என்று கை காட்டினார். 1844லேயே ஹென்றி யூல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இந்த மலைகளின் வேர்ப்பாலங்களைப் பற்றி வங்காள ஆசியக் கழக இதழில் எழுதியிருக்கிறார். 2022ல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கூடைக்காரப் பெண்ணுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. பாக்கையும் பிரிஞ்சி இலையையும் மேலே சந்தைக்கு ஏற்ற வேண்டும், மழையில் ஆற்றைக் கடக்க வேண்டும், அதற்குத்தான் பாலம். நாம் போய் நிற்பது அவர்கள் போக்குவரத்தின் நடுவில். இன்னொரு வேரில் யாரோ சாவியால் இரண்டு எழுத்து கீறியிருந்தார்கள். பால் வழிந்து காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு முட்டி வலி கொஞ்ச நேரம் மறந்துபோனது. தயவுசெய்து அதில் கும்பலாக நின்று குதிக்காதீர்கள், படம் எடுத்தால் சட்டென்று எடுத்துவிட்டு நகருங்கள்.

அன்றே ஏறிவிடலாம் என்று பார்த்தால் அன்று ஞாயிற்றுக்கிழமை. இதை யாரும் எழுதுவதே இல்லை. காஸி மலையில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள், ஞாயிறு என்றால் ஊரே தேவாலயத்தில் இருக்கும். கடை அடைப்பு, ஷேர் சுமோ ஓடுவதில்லை, ஓடினாலும் ஒன்றிரண்டு. முட்டியோடு ஏறி மேலே போனாலும் வண்டிக்கு உத்தரவாதமில்லை, இங்கேயே இரு என்றார் கோங். இருந்தேன். அவர் வீட்டுப் பிள்ளைகள் கஞ்சி போட்ட சட்டையோடு கிளம்பிப் போனதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். கூடப் பிறந்தவர்களில் கடைசித் தங்கை அவர், அதனால் வீடு அவர் பெயரில். காஸிகளில் பரம்பரைச் சொத்து பெரும்பாலும் கடைக்குட்டிப் பெண்ணுக்குத்தான் போகிறது. மத்தியானம் மேகி போட்டுக் கொடுத்தார், பாக்கும் வெற்றிலையும் நீட்டினார். ஊறின பச்சைப் பாக்கு, நம் ஊர்ப் பாக்கு என்று நினைத்துக் கொஞ்சம் தாராளமாக வாயில் போட்டுவிடாதீர்கள், காது சூடாகித் தலை சுற்றும். ஏற்கெனவே பிரஷர் பயத்தில் இருந்தவளுக்கு அது வேறு. பயணத் தேதி போடும்போது வெள்ளி அல்லது சனிக்கிழமை இறங்குகிற மாதிரி வைக்காதீர்கள். செவ்வாய் இறங்கி வியாழன் ஏறினால் நிம்மதி.

திங்கள் விடிந்ததும் அந்த வீட்டுப் பையன் கூட வந்தான். பேசிய கூலி 500. அவன் என் தோள்பையையும் தூக்கிக்கொண்டான், ஏறும்போது எனக்கு இரண்டு படி பின்னாலேயே வந்தான், விழுந்தால் பிடிக்க. கடைசியில் நான் 800 கொடுத்தேன், அதுவும் குறைவு என்றுதான் இப்போது படுகிறது. ஆச்சரியம் என்னவென்றால் ஏறும்போது முட்டி இறங்கும்போது வலித்த அளவு வலிக்கவில்லை. தொடையும் மூச்சும்தான் போயின. இருபது படிக்கு ஒரு தரம் நின்றேன், அப்புறம் பத்துக்கு ஒரு தரம். கடைசி நூறு படிகளில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். ஒரு மணி நேரத்தில் ஏறினேன் என்று சொல்கிற இருபது வயதுக்காரர்களின் கணக்கை நம்பி உங்கள் நாளைத் திட்டமிடாதீர்கள். எனக்குக் காலை முழுக்க ஆனது. நாற்பது தாண்டியவர்கள் ஏறுவதற்கு அரை நாளை ஒதுக்குங்கள், வெயிலுக்கு முன் தொடங்குங்கள். நோங்ரியாட்டில் ஒரு ராத்திரியாவது தங்குவதாகவே திட்டம் போடுங்கள். ஒரே நாளில் இறங்கி ஏறுவது என்பது டிராவல்ஸ்காரர்களின் வசதிக்கு உண்டான ஏற்பாடு.

டிர்னாவில் கார் இல்லை என்பதை எதிர்பார்த்தே இருந்தேன். சிக்னல் வந்ததும் ஆபீசுக்குப் போன் போட்டால், நீங்கள்தான் வரவில்லை, எங்கள் பொறுப்பு முடிந்தது, பை கவுகாத்தியில் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். ஹோட்டல், மௌலின்னோங், டௌகி எல்லாம் போச்சு, பணம் திரும்பாது. சோராவுக்கு டாக்ஸி, அங்கே மருந்துக்கடை, ஷில்லாங், கவுகாத்தி என்று போய்ச் சேர்வதற்குள் என் விவேக் எக்ஸ்பிரஸ் போய்விட்டிருந்தது. சிக்னல் இருந்திருந்தால் முதல் நாளே ரத்து செய்து பாதியாவது மீட்டிருப்பேன். வண்டி கிளம்பிய பிறகு ஒன்றும் வராது, 2,900 ரூபாய் அப்படியே போனது. அடுத்து கிடைக்கிற ரயிலுக்கு வெயிட்டிங் லிஸ்ட் நூறுக்கு மேல். கோயம்புத்தூருக்கு விமானம் 11,600. புரோக்கரிடம் போன ஏழாயிரம், டாக்ஸி, கூலி, மருந்து எல்லாம் சேர்த்துப் பாருங்கள். பையை வாங்கப் போனால் ஆபீஸ் பூட்டியிருந்தது. அன்று மாலை விமானம், காத்திருக்க நேரமில்லை. மேகாலயா போய்த் திரும்பும் டிக்கெட்டுக்கும் மலைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு நாள் சும்மா விடுங்கள். மண்சரிவு, மழை, ஞாயிறு, முட்டி, ஏதாவது ஒன்று அந்த நாளைத் தின்னத்தான் செய்யும். தின்னாவிட்டால் ஷில்லாங்கில் உட்கார்ந்து டீ குடிக்கலாம், நல்ல ஊர்.

முட்டி முடியாதவர்கள், அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் நோங்ரியாட்டையே மறந்துவிடுங்கள். மௌலின்னோங் பக்கத்தில் ரிவாய் என்ற கிராமத்தில் ஒரு வேர்ப்பாலம் இருக்கிறது. கார் நிற்கிற இடத்திலிருந்து கொஞ்ச தூரம் கல்படி, பத்து பதினைந்து நிமிஷ நடை. ஒற்றை அடுக்குதான், கூட்டம் அதிகம்தான். ஆனால் அதே மரம், அதே வேர், அதே வித்தை. ரொக்கம் ஷில்லாங்கிலேயே எடுத்துக்கொள்ளுங்கள், சோரா ஏடிஎம்மை நம்ப வேண்டாம், கிராமத்தில் நூறும் ஐம்பதுமாக இருந்தால்தான் சில்லறைப் பிரச்சினை இல்லை. வண்டி பேசினால் காருக்கு முன்னால் நின்று நம்பர் பிளேட்டைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், டிரைவர் நம்பரை வாங்கி அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபாருங்கள், முன்பணம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தராதீர்கள், அதையும் போன் வழியாகவே அனுப்புங்கள், சான்று இருக்கும்.

என் பணம் ஏழாயிரமும் போன் வழியாகத்தான் போயிருந்தது. அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், ரசீதையும் அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து மூவாயிரம் ரூபாய் கணக்கில் ஏறியது. அப்புறம் ஒரு நாள் பார்சலில் பையும் வந்தது, பார்சல் செலவு என் தலையில். உள்ளே மாத்திரை டப்பா இருந்தது, சார்ஜர் இல்லை. கூடவே ஒரு பில் வைத்திருந்தார்கள், டிர்னாவில் டிரைவர் நாலு மணி வரை காத்திருந்ததற்கு வெயிட்டிங் சார்ஜ் 600 என்று. அதை நான் கட்டவில்லை.